ஒரே லயம், பல ஆலயங்கள்: மண்சரிவுக்குப் பின் மலையகத் திருச்சபைகள்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதி புசல்லாவையையும் தவலந்தென்னையையும் கடந்து இறம்பொடையை அடையும்போது, இருபுறமும் தேயிலைச் சரிவுகளும் அவற்றின் இடையே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும் தெரியத் தொடங்கும். இந்த லயங்களில் வாழ்கிறவர்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள். அவர்களுக்கு அடுத்தடுத்த காம்பரா என்னும் அறைகளில் கிறிஸ்தவக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. தோட்டத்து மக்கள் இவர்கள் எல்லோரையும் 'வேதக்காரர்' என்ற ஒரே பெயரால் அழைத்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர்கள் ஒரே இடத்துக்குப் போவதில்லை. ஒரு குடும்பம் கத்தோலிக்கப் பூசைக்குப் போகும். அடுத்த குடும்பம் அங்கிலிக்கன் ஆராதனைக்கோ மெதடிஸ்த ஆராதனைக்கோ போகும். மற்றொன்று தகரக் கூரை போட்ட சபை மண்டபத்தில் காலை முழுவதும் ஜெபத்தில் இருக்கும். மற்ற நாட்களில் காலையில் ஆட்கணக்கு எடுக்கும் ஒரே பிரட்டுக்குப் போய், ஒரே மலையில் கொழுந்து பறித்து, ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் ஞாயிறன்று பிரிந்து போவது மலையகத்தில் யாருக்கும் வியப்பாகப் படுவதில்லை.

2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியது. நவம்பர் 28ஆம் திகதி நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. நாடெங்கும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்களே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தன. வெள்ளத்தைவிட மண்சரிவே அங்கு அதிக உயிர்களைக் கொண்டுபோனது. மலையக ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. வீதிகள் துண்டிக்கப்பட்டு, நுவரெலியாவுக்குப் போகவும் வரவும் வழியில்லாத நாட்கள் இருந்தன. கொத்மலைப் பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அதே ஆண்டு மே 11ஆம் திகதி கம்பளை - நுவரெலியா வீதியில் கெரண்டி எல்லப் பகுதியில் பேருந்து பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். ஆறு மாதங்கள் கழித்து மலையே இறங்கியது.

அதே நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, துருக்கியின் இஸ்னிக் நகரில் பாப்பரசர் பதினான்காம் லியோவும் கொன்ஸ்தாந்திநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவும் மற்றத் திருச்சபைகளின் தலைவர்களும் ஒன்றாக நின்று ஜெபித்தனர். பண்டைய நிசேயா நகரமே இன்றைய இஸ்னிக். கி.பி. 325இல் அங்கு கூடிய முதலாவது பொதுச் சங்கத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவை அவர்கள் கொண்டாடினார்கள். கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் இன்றும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்கு அடித்தளம் போட்டது அந்தச் சங்கம். உலகத் திருச்சபை ஒருமைப்பாட்டைக் கொண்டாடிய அதே நாளில், அந்த ஒருமைப்பாடு எதற்குப் பயன்படும் என்ற கேள்வி மலையகத்தின் வாசலில் வந்து நின்றது. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 30, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மலையகத்தில் பல குடும்பங்கள் அந்த ஞாயிற்றைப் பாடசாலை வகுப்பறைகளிலும் உறவினர் வீடுகளிலும் கழித்தன.

பிரிவு எங்கிருந்து வந்தது

மலையகக் கிறிஸ்தவர்களின் பிரிவுகள் மலையகத்தில் தோன்றியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஆள் சேர்த்த கங்காணிகளோடு கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தங்கள் குலதெய்வத்தையும் மாரியம்மனையும் கொண்டுவந்ததுபோலவே சபையையும் கொண்டுவந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களில் பலர் ஆங்கிலேய மிஷனரிச் சங்கங்கள் வளர்த்த சபைகளைச் சேர்ந்தவர்கள். மதுரை மறைத்தளத்தின் மரபில் வந்தவர்கள் கத்தோலிக்கர். ஒரே கங்காணியின் கூட்டத்தில் இரு வகையினரும் இருந்தனர்.

தோட்ட மக்களுக்கென்றே முதல் சீர்திருத்த சபை ஊழியம் 1854இல் தொடங்கியது. அதற்கு 'தமிழ்க் கூலி மிஷன்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே அந்தக் காலத்தின் பார்வையைக் காட்டிவிடுகிறது. கோப்பித் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தனர், சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய அங்கிலிக்கன் மிஷனரிச் சங்கம் மேற்பார்வைக்கு மிஷனரியை அனுப்பியது. மலையேறி லயம் லயமாக நடந்து வேதம் சொன்னவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார். இவர்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. துரைமாரின் கொடையும் மிஷனரிகளின் அறிக்கையும் ஆவணங்களில் நிலைத்தன. அட்டைக் கடியோடு மழையில் நடந்த உபதேசியாரின் பெயர் பெரும்பாலும் நிலைக்கவில்லை.

இந்த மிஷனே இலங்கைத் திருச்சபை வரலாற்றின் பெரும் சர்ச்சை ஒன்றுக்குக் காரணமானது என்பதை இன்று பலர் அறியமாட்டார்கள். கொழும்பின் அங்கிலிக்கன் ஆயராகப் புதிதாகப் பொறுப்பேற்ற ரெஜினல்ட் கொப்பிள்ஸ்டன், 1876இல் சி.எம்.எஸ். மிஷனரிகளின் ஊழிய அனுமதிகளைத் திரும்பப் பெற்றார். தோட்ட ஊழியம் யாருடைய அதிகாரத்தின் கீழ் நடக்க வேண்டும் என்பதே சண்டையின் மையம். பின்னர் சமரசம் ஏற்பட்டது. ஆனாலும் அந்தச் சண்டையில் ஒரு தரப்பிலும் தோட்டத் தொழிலாளியின் குரல் இல்லை. அவரைக் குறித்து மற்றவர்கள் சண்டையிட்டார்கள். மற்றவர்களே சமாதானமும் ஆனார்கள். திருச்சபை ஒருமைப்பாடு பற்றி மலையகத்தில் பேசும்போது இந்த வரலாறு மனத்தில் இருப்பது நல்லது.

துரைமாருக்கென்று எழுந்த ஆலயங்கள் வேறு. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852இல் அர்ப்பணிக்கப்பட்டது. டிக்கோயாவின் வோர்லி ஆலயம் 1878இல் எழுந்தது. கருங்கல் சுவரும் வண்ணக் கண்ணாடியும் கொண்ட இந்த ஆலயங்களின் கல்லறைத் தோட்டங்களில் ஆங்கிலத் தோட்டக்காரர்களின் பெயர்கள் இன்றும் வாசிக்கக் கூடியவையாக இருக்கின்றன. தொழிலாளர்களின் ஆலயங்கள் எளிமையானவை. பல தோட்டங்களில் மாதத்துக்கு ஒருமுறை குருவானவர் வரும் சிறு கட்டடங்களே இருந்தன.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றாவது அலை வந்தது. 1924இல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், அதற்குப் பின் வந்த வேறு பெந்தெகொஸ்தே சபைகள், பின்னர் எந்தப் பெரிய அமைப்பையும் சாராத சுயாதீன சபைகள் ஆகியவை தோட்டங்களுக்குள் நுழைந்தன. லயத்துக் காம்பராவிலேயே ஜெபக்கூட்டம் நடந்தது. தோட்டத்து இளைஞரே போதகரானார். பழைய சபைகள் இதை ஆடு திருடுதல் என்று குறைகூறின. அந்தக் குறை முழுதும் நியாயமானதல்ல. மாதத்துக்கு ஒருமுறை வரும் குருவானவரைவிட, நோய் வந்த இரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருகிற போதகர் மக்களுக்குப் பெரியவராகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஒன்றாக முயன்றவர்கள்

பிரிந்தவற்றைச் சேர்க்கும் முயற்சியில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் உலகத்துக்கே முன்னோடிகள். 1947 செப்டம்பர் 27ஆம் திகதி சென்னை புனித ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆயர் அமைப்பைக் கொண்ட அங்கிலிக்கரும் அதை ஏற்காத மெதடிஸ்தர், பிரெஸ்பிற்றேரியர், சபைமன்றத்தாரும் ஒரே திருச்சபையாகச் சேர்ந்தனர். யாழ்ப்பாணத்தின் அமெரிக்க மிஷன் சபைகளும் அதில் ஓர் அத்தியட்சாதீனமாக இணைந்தன. சபாபதி குலேந்திரன் அதன் முதல் பேராயர்.

இலங்கை முழுவதற்கும் அப்படியொரு திருச்சபையை உருவாக்கும் பேச்சு பல பத்தாண்டுகள் நடந்தது. அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்திஸ்தர், பிரெஸ்பிற்றேரியர், தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண அத்தியட்சாதீனம் ஆகிய ஐந்தும் ஒரே இலங்கைத் திருச்சபையாவதற்குத் திட்டம் எழுதி, வாக்கெடுத்து, 1972இல் தொடங்கவும் ஆயத்தமாகின. கடைசிக் கட்டத்தில் அந்த முயற்சி நீதிமன்ற வழக்கில் தடைப்பட்டது. மீண்டும் அது முழுமூச்சாக எழவேயில்லை. இது இலங்கைக் கிறிஸ்தவத்துக்கு ஏற்பட்ட பெரிய இழப்பு.

ஆனால் காகிதத்தில் தடைப்பட்டது வேறு இடங்களில் நடந்தது. 1963இல் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் பல சபைகளின் ஊழியர்கள் ஒன்றாகப் படிக்கிறார்கள். அங்கு சிங்களத்திலும் தமிழிலும் பாடம் நடக்கிறது. உள்நாட்டுப் போரின் ஆண்டுகளிலும் இரு மொழி பேசும் வருங்காலப் போதகர்கள் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த இடம் அது. நாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் அதிகம் இருக்கவில்லை. 1958இல் உருவான கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை அமைப்பு, மே தினத்தில் தொழிலாளர் பூசை நடத்தியது. கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் மற்றவர்களும் சிங்களத்திலும் தமிழிலும் அதில் கலந்துகொண்டனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21இல் ஒருமைப்பாடு குறித்த விதித்தொகுப்பை வெளியிட்ட பின்னர்தான் இப்படிக் கலப்பது கத்தோலிக்கர்களுக்கு எளிதானது.

மலையகத்துக்கென்று இருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இல் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பிக் கேட்டு அங்கு போனார். கண்டியின் வசதிகளை விட்டு ஏழை மறைமாவட்டத்துக்கு ஓர் ஆயர் தாமாகப் போனது அன்று பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு இயேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை, கூலி, வீடு பற்றிய ஆய்வும் அமைப்பு வேலையும் அங்கிருந்து நடந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களைப் பற்றித் தெற்கின் சிங்களக் கிறிஸ்தவர்கள் பேசக் கற்றுக்கொண்டதில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை நடைபயணம் நடந்தது. இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றம் அதை முன்னின்று ஒழுங்கு செய்த அமைப்புகளில் ஒன்று. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் நடந்தார்கள். காணியும் வீடும் சம உரிமையும் கோரிக்கைகளில் முன்னின்றன. எந்தச் சபையும் தன் கொடியைத் தூக்கிக் காட்டாமல் நடந்த அந்தப் பயணமே, மலையகத்தில் திருச்சபைகளின் ஒருமைப்பாடு எப்படி இருக்கலாம் என்பதற்கு அண்மைக் காலத்தின் நல்ல உதாரணம்.

மலை இறங்கும் விதம்

மண்சரிவு திடீரென வருவதாகத் தோன்றினாலும் அதற்கு முன் நீண்ட கதை இருக்கும். காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை நட்டார்கள். ஆழ வேர் விட்டு மண்ணைப் பிடித்து நின்ற மரங்கள் போய்விட்டன. சரிவுக்குக் குறுக்கே வெட்டிய வடிகால்களான கான்கள் ஒழுங்காகத் துப்புரவு செய்யப்பட்டால் மழைநீர் வழிந்தோடிவிடும். கான்கள் தூர்ந்தால் நீர் மண்ணுக்குள் இறங்கும். ஊறிய மண் கனக்கும், பாறையின் மேல் வழுக்கும். மழை ஓயாமல் பெய்தால் ஓரிடத்தில் பிடி விட்டுப்போகும்.

அதற்கு முன் அறிகுறிகள் தெரியும். காம்பராவின் சீமெந்துத் தரையில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். சில நாளில் அதில் விரல் நுழையும். நேற்றுவரை மூடிய கதவு இன்று நிலையில் இறுகும். மரங்கள் ஒரு பக்கம் சாயும். பீலித் தண்ணீர் கலங்கி வரும், அல்லது இல்லாத இடத்தில் புதிய ஊற்று பீறிடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டும் எச்சரிக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அவதானம், 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். ஆனால் எங்கே வெளியேறுவது? லயத்தை விட்டால் போவதற்குச் சொந்தமாக ஓர் அங்குல நிலமும் இல்லாதவருக்கு இந்த எச்சரிக்கை அரைப்பயனே தரும். டித்வா காலத்தில் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடும் பரவலாக எழுந்தது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீறியபெத்தையில் நடந்த மண்சரிவு இதற்கு மறக்க முடியாத சாட்சி. அங்குள்ள மக்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மாற்றவில்லை. லயங்கள் மண்ணுக்குள் போயின. காலையில் பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகளில் சிலர் மாலையில் திரும்பி வர வீடும் பெற்றோரும் இல்லாதவர்களானார்கள். பலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் மாக்கல்தெனிய பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், இயந்திரம் கழற்றிய மண்டபத்தில், குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே துணிமறைப்பு மட்டும்.

ஏன் என்ற கேள்வி

அனர்த்தத்துக்குப் பின் நிவாரணத்துக்கு முன்னதாகவே மக்களைச் சேர்வது ஒரு கேள்வி: எங்களுக்கு ஏன் இது? இந்துக் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் தத்தம் சொற்களில் இதைக் கேட்கின்றன. சபைகள் ஒன்றாக நிற்க வேண்டிய முதல் இடம் இதுதான். இங்குதான் அவை மிக எளிதாகப் பிரிந்தும் போகின்றன.

பாவத்துக்கு வந்த தண்டனை என்று சொல்லும் பிரசங்கம் ஒவ்வொரு பேரழிவுக்குப் பின்னும் எங்காவது கேட்கிறது. கேட்பவர் அடுத்த லயத்தில் மனைவியை இழந்தவர். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், சீலோவாமின் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். இறந்தவர்கள் மற்ற எருசலேம்வாசிகளைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை அவர் திட்டவட்டமாக மறுக்கிறார். யோபுவின் புத்தகத்திலும், துன்பப்பட்டவனைக் குற்றவாளியாக்கிய நண்பர்களையே கடவுள் கடிந்துகொள்கிறார். இதில் கத்தோலிக்கருக்கும் பெந்தெகொஸ்தேயினருக்கும் வேறு வேறு வேதாகமம் இல்லை. பேரழிவு நடந்த பகுதியின் குருமாரும் போதகர்களும் முதல் வாரத்திலேயே கூடி, தண்டனைப் பிரசங்கம் யாரும் செய்வதில்லை என்று மட்டும் உடன்பட்டாலும், அது பல மாநாடுகளைவிடப் பெரிய ஒருமைப்பாடு.

அடுத்தது அடக்கம். உடல் கிடைத்தால் அடக்க ஆராதனைக்கு ஒழுங்கு உண்டு. கிடைக்காவிட்டால் என்ன செய்வது? உடல் இல்லாத அடக்கத்துக்குப் பல சபைகளில் எழுதிவைத்த முறை இல்லை. சரிந்த மலையின் அடியில் கிறிஸ்தவரும் இந்துவும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். யாரை எங்கே தேடுவது என்று தெரியாத நிலையில், அந்த இடமே எல்லோருக்கும் பொதுவான கல்லறையாகிறது. அங்கே ஒரே நாளில், ஒரே நேரத்தில், எல்லாச் சபையினரும் சேர்ந்து ஜெபித்து, அருகே இந்து உறவினர் தம் கிரியைகளைச் செய்ய இடம் விட்டு நிற்பதே பொருத்தமானது. திருவிருந்தைப் பகிர்வதில் சபைகளுக்கிடையே இன்னும் தடை இருக்கிறது. ஒன்றாக அழுவதற்கு எந்தச் சபையின் சட்டமும் தடையல்ல.

பெயர்ப் பட்டியல்

நிவாரணத்தில் ஒருமைப்பாடு எப்படிச் செயலாகிறது என்பதைப் பார்க்க ஒரு பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் போதும். தோட்டத்துப் பதிவில் ஒரு காம்பரா என்றால் ஒரு குடும்பம். உண்மையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவிலும் அதன் முன்திண்ணையான இஸ்தோப்பிலும் பெற்றோர், மணமான மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சில வேளை கணவனை இழந்து திரும்பி வந்த மகள் என்று இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும். கிராம அலுவலர் தோட்டப் பதிவைப் பார்த்துப் பட்டியல் எழுதினால் மகனின் குடும்பம் விடுபடும். கொழும்பில் வீட்டுவேலைக்குப் போயிருக்கும் மகள் விடுபடுவாள். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மண்ணோடு போயிருக்கும். படிவமும் பல வேளை சிங்களத்தில்தான் இருக்கும்.

இந்த இடத்தில் சபைகளிடம் வேறு யாரிடமும் இல்லாத செல்வம் ஒன்று இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்தவை. ஞாயிறுதோறும் குடும்பம் குடும்பமாக முகம் பார்த்து அறிந்த அறிவு அதற்கு மேல். ஒரு தோட்டத்தின் கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தேச் சபைகள் தத்தம் பட்டியலோடு தனித்தனியே பிரதேச செயலகத்துக்குப் போனால், நான்கு பட்டியலும் ஒன்றையொன்று மறுக்கும். எந்தச் சபையிலும் இல்லாத இந்துக் குடும்பம் நான்கிலும் இருக்காது. நான்கும் கோவில் கமிட்டியோடு உட்கார்ந்து ஒரே கொப்பியில் எழுதினால், அந்தப் பட்டியலை மறுப்பது அலுவலருக்கும் கடினம், தோட்ட நிர்வாகத்துக்கும் கடினம்.

1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் கூடிய உலகத் திருச்சபைகளின் மாநாடு ஒரு நெறியை முன்வைத்தது. ஆழ்ந்த விசுவாச வேறுபாடு கட்டாயப்படுத்தும் காரியங்களைத் தவிர, மற்ற எல்லாவற்றையும் சபைகள் சேர்ந்தே செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அரிசி மூட்டை பிரிப்பதிலும் வீட்டுச் சேதத்தை அளப்பதிலும் ஆழ்ந்த விசுவாச வேறுபாடு எதுவும் இல்லை. ஆகவே அந்த நெறியின்படி, ஒரே தோட்டத்துக்கு மூன்று சபைகள் மூன்று லொறிகளில் தனித்தனியே வருவதற்கு நியாயம் கிடையாது. முதல் வாரம் வீதியோரத் தோட்டத்துக்குத் தேவைக்கு மேல் பருப்பும் பிஸ்கட்டும் வந்து குவிய, மேல் டிவிசனுக்கு ஒன்றும் போகாமலிருப்பது தனித்தனியே வருவதால் நேரும் கேடு.

உதவியையும் மதமாற்றத்தையும் பற்றிய பயத்தை நேராகப் பேச வேண்டும். பெரும்பான்மை இந்துக்கள் வாழும் தோட்டத்தில், நிவாரணப் பொதியோடு வேத புத்தகமும் வந்தால், அல்லது ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களுக்கே முதலில் கொடுத்தால், அயலவர் மனம் புண்படும். அது கிறிஸ்துவின் பெயருக்கே இழுக்கு. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை, உதவியை எந்த மத நிலைப்பாட்டையும் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. நல்ல சமாரியனின் உவமையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோவை புதிதாக எதையும் சொல்லவில்லை. ஒரு சபை இந்த எல்லையை மீறினால் பழி எல்லாச் சபைகளுக்கும் வரும். ஆகவே ஒருவரையொருவர் கண்டிக்கும் உரிமையும் ஒருமைப்பாட்டின் பகுதி. பெந்தெகொஸ்தேப் போதகர்களைக் கூட்டத்துக்கு அழைக்காமல் விட்டுவிட்டு அவர்களைக் கண்டிப்பதில் பயனில்லை. பல இடங்களில் தேசிய கிறிஸ்தவ மன்றத்தைச் சேர்ந்த பழைய சபைகளும் சுயாதீன சபைகளும் ஒரே அறையில் உட்காருவதே இன்னும் அரிது.

காணி

அரிசியும் உடுப்பும் மூன்று மாதத்தோடு நின்றுவிடும். அதற்குப் பின்தான் உண்மையான சோதனை. டித்வாவில் வீடிழந்தோருக்கு வீடு கட்ட 50 இலட்சம் ரூபா வரை தருவதாக அரசு அறிவித்தது. சொந்தக் காணியும் வீடும் இருந்தவருக்கு இது விளங்கும். லயத்துக்கு எப்படிப் பொருந்தும்? காம்பரா தொழிலாளியின் பெயரில் இல்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992க்குப் பின் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. அதில் ஐந்தாறு தலைமுறை வாழ்ந்தவர் சட்டப்படி குடியிருப்பவர் மட்டுமே. தோட்ட மக்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. இந்திய உதவியில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் அதன் பகுதிகள். தேவையோடு ஒப்பிட்டால் வேகம் போதாது.

இந்தப் பிரச்சினையைத் தனியொரு சபை தீர்க்க முடியாது. தொழிற்சங்கங்கள் கட்சிகளாகப் பிரிந்திருக்கின்றன. தமிழரும் சிங்களவரும் ஒரே அமைப்புக்குள் இருக்கும் நிறுவனங்கள் நாட்டில் மிகச் சில. திருச்சபைகள் அவற்றில் முக்கியமானவை. 2012 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 7.6 சதவீதம், இரு மொழியினரும் அதில் உண்டு. கொத்மலையில் மண் சரிந்தபோது சிங்களக் கிராமங்களும் சரிந்தன. பௌத்த விகாரையிலும் இந்துக் கோவிலிலும் ஆலயத்திலும் அகதிகளாக இருந்தவர்களின் அடுத்த கேள்வி ஒன்றே: பாதுகாப்பான நிலம் எங்கே? கொழும்பில் ஆயர்களும் பேராயர்களும் தலைமைப் போதகர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, லயவாசிக்கும் கிராமவாசிக்கும் ஒரே அளவில் காணி உறுதியும் நட்டஈடும் வேண்டும் என்று கேட்டால், அது தமிழர் கோரிக்கை என்று ஒதுக்கப்படாது.

2026 ஜனவரி 18 முதல் 25 வரை கடைப்பிடிக்கப்பட்ட கிறிஸ்தவ ஒருமைப்பாட்டு ஜெப வாரத்துக்கு எபேசியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரம் 4ஆம் வசனமே கருப்பொருள். அதை ஆயத்தம் செய்தவர்கள் ஆர்மேனியத் திருச்சபையினர். 1915இல் இனப்படுகொலைக்கும், 1988 டிசம்பர் 7இல் பெரும் நிலநடுக்கத்துக்கும் ஆளானவர்கள் ஆர்மேனியர்கள். இடிபாடுகளுக்கிடையே ஜெபிப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதிய ஜெபங்களைச் சொல்வதற்கு மண் சரிந்த மலையகத்தைவிடத் தகுந்த இடம் இல்லை.

சபைகளிடம் சில காரியங்களைக் கேட்பது நியாயம். மலை மாவட்டங்களில் சபைகளின் பெயரிலுள்ள நிலங்களில் பாதுகாப்பானவை எவை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு பார்க்கச் செய்து, பயன்படாமல் கிடப்பவற்றை வீடுகளுக்கு விடலாம். சபைப் பதிவேடுகளைத் திறந்து, ஆவணம் இழந்த குடும்பங்களுக்குச் சான்று எழுதிக் கொடுக்கலாம். தோட்டந்தோறும் கோவில் கமிட்டியையும் சேர்த்த ஒரே குழுவை வைத்து, வீடு கையில் வரும் நாள்வரை அதைக் கலைக்காமல் வைத்திருக்கலாம். மீறியபெத்தை மக்களுக்கு வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எடுத்தது. டித்வாவில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அவர்களைவிடப் பல மடங்கு.

வெளிநாட்டிலும் தமிழகத்திலும் கொழும்பிலும் இருந்து உதவ நினைக்கும் வாசகர்கள், தங்கள் சபைக்கோ தெரிந்த போதகருக்கோ அனுப்புவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்தத் தோட்டத்தில் எல்லாச் சபையும் கோவிலும் சேர்ந்த குழு இருக்கிறதா? இருந்தால் பணத்தை அதன் கையில் கொடுங்கள். இல்லையென்றால், அப்படியொரு குழு அமைந்த பிறகு தருகிறோம் என்று எழுதுங்கள்.